சுவாலைப் படம் ஏன் பிழையாகிறது? மலைநாட்டு ஆய்வுகூடத்துக்கு அறிகுறிவாரியாக ஒரு வழிகாட்டி

தகனப் பரிசோதனையில் எடுக்கும் படம் அறிக்கையின் அட்டையை அலங்கரிக்க அல்ல. அதன் மேல் அடிமட்டமும் கோணமானியும் வைத்து அளக்கப் போகிறீர்கள். பார்க்க நன்றாக இருந்தும் அளக்க உதவாத படம்தான் இந்த வேலையில் மிகப் பெரிய தொல்லை.

இங்கே சொல்வதெல்லாம் ஓர் எளிய அமைப்பை வைத்துத்தான்: உள்விட்டம் 10 மில்லிமீற்றர் குழாயுள்ள பன்சன் சுடரடுப்பு, எல்பி காஸ், முக்காலியில் ஒரு டிஎஸ்எல்ஆர் கமரா அல்லது புரோ மோட் உள்ள போன், சுவாலைக்கு ஒரு மீற்றர் பின்னால் கறுப்பு வெல்வெட். வெல்வெட் இல்லையென்றால் கறுப்புப் பருத்தித் துணி போதும். கறுப்பு பிறிஸ்டல் போர்ட் வேண்டாம், மினுங்கும்.

படம் பிழைத்தால் முதலில் கமராவைச் சந்தேகியுங்கள், அடுத்து அறையை, கடைசியாகத்தான் சுவாலையை. மாணவர்கள் பெரும்பாலும் இதைத் தலைகீழாகச் செய்வார்கள். காஸ் வால்வைத் திருகித் திருகி அரை மணி நேரம் போய்விடும், பார்த்தால் கமரா தானாக வெளிச்சத்தை மாற்றிக்கொண்டிருந்திருக்கும். ஒரு தடவைக்கு ஒரு செற்றிங்கை மட்டும் மாற்றுங்கள், மாற்றியதைக் குறித்துவையுங்கள்.

அறிகுறி: மஞ்சள் சுவாலை வெறும் வெள்ளைத் துண்டாக விழுகிறது

படத்தின் பெரும்பகுதி கறுப்பு. கமரா அந்த இருட்டைப் பார்த்து வெளிச்சத்தை ஏற்றுகிறது, சுவாலை வெந்து வெள்ளையாகிறது. ஆட்டோவை விட்டுவிட்டு மெனுவலுக்கு வாருங்கள். காற்றுத் துளை மூடிய மஞ்சள் சுவாலைக்கு ஐஎஸ்ஓ (உணரியின் உணர்திறன்) 200, எஃப் (வில்லைத் துவாரம்) 5.6, ஷட்டர் (ஒளி விழும் நேரம்) 1/250 செக்கன் என்று தொடங்கி, சுவாலையின் மிகப் பிரகாசமான இடத்திலும் விவரம் தெரியும்வரை ஷட்டரைக் குறுக்குங்கள். போனில் துவாரம் மாறாது, ஆகவே ஷட்டரும் ஐஎஸ்ஓவும்தான் உங்கள் கையில்.

ஹிஸ்டோகிராமை, அதாவது படத்தின் வெளிச்சப் பரம்பலைக் காட்டும் வரைபை, பார்க்கும்போது ஒற்றை வெள்ளை வரைபை நம்பவேண்டாம், மூன்று நிறங்களையும் தனித்தனியாகப் பாருங்கள். மஞ்சள் சுவாலையில் சிவப்பு முதலில் நிரம்பி வழியும், நீலச் சுவாலையில் நீலம். மொத்த வரைபு நல்லபிள்ளை போலக் காட்டிக்கொண்டிருக்கும்போதே ஒரு நிறம் போய்விட்டிருக்கும்.

இன்னொன்று. கொழும்பில் யாரோ சரிபார்த்த எண்களை நுவரெலியாவில் அப்படியே போட்டால் படம் கொஞ்சம் இருண்டு விழலாம். கடல்மட்டத்தில் வளிமண்டல அமுக்கம் 101 கிலோபஸ்கால். ஏறத்தாழ 1,870 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவில் அது 81 அளவில், ஹட்டனில் 87 அளவில். மஞ்சள் ஒளி வருவது சுவாலைக்குள் தணலாக ஒளிரும் புகைக்கரித் துகள்களிலிருந்து. அமுக்கம் குறைந்தால் அந்தக் கரி உருவாவதும் குறையும், அதனால் அதே காஸ், அதே குழாய் என்றாலும் சுவாலை மங்கலாகவும் சற்று நீலம் கலந்தும் தெரியும். இது கோளாறு அல்ல. அறிக்கையில் இடத்தின் உயரத்தையும் எழுதிவிட்டால் யாரும் கேள்வி கேட்கமாட்டார்கள்.

அறிகுறி: நீலச் சுவாலை கண்ணுக்குத் தெரிகிறது, படத்தில் இல்லை; அல்லது ஊதாவாக விழுகிறது

நீலச் சுவாலையில் கரி இல்லை. ஒளி தருவது தகனத்தின் நடுவில் ஒரு கணம் தோன்றி மறையும் துண்டு மூலக்கூறுகள்: காபன்–ஐதரசன் துண்டு 431 நனோமீற்றர் அளவில் ஊதாநீலமாகவும், இரட்டைக் காபன் 516 நனோமீற்றர் அளவில் பச்சையாகவும் ஒளிரும். மஞ்சளோடு ஒப்பிட்டால் இது மிகச் சிறிய ஒளி. ஐஎஸ்ஓ 1600, எஃப் 2.8 அல்லது 4, 1/30 செக்கன் என்று தொடங்குங்கள். அறையை இருட்டாக்குங்கள்.

வெண்சமநிலையை (வெள்ளை எந்த நிறமாக விழவேண்டும் என்ற செற்றிங்) 5,500 கெல்வினில் பூட்டுங்கள். ஆட்டோவில் விட்டால் கமரா நீலத்தை “சரிசெய்து” சாம்பலாக்கிவிடும், அடுத்த படத்தில் வேறு நிறம் தரும். முடிந்தால் ரோ கோப்பாக (கமரா திருத்தாத மூலத் தரவாக) எடுங்கள். ஊதாவாக விழுந்தால் பெரும்பாலும் நீலம் நிரம்பி வழிந்திருக்கும், ஷட்டரைப் பாதியாக்கிப் பாருங்கள். சுவாலை சரியாக இருந்து, சிவக்கச் சூடேறிய குழாய் விளிம்போ கம்பி வலையோ மட்டும் ஊதாவாகத் தெரிந்தால், அது சூடான உலோகத்தின் அகச்சிவப்பு ஒளி கமராவின் வடிகட்டியைத் தாண்டி உள்ளே வருவது. போன்களில் இது சாதாரணம்.

இங்கே ஓர் எச்சரிக்கை. ஸ்பிரிட் விளக்கின் சுவாலை பகல் வெளிச்சத்தில் கண்ணுக்கே தெரியாது. அணைந்துவிட்டது என்று நினைத்து எரியும் விளக்குக்கு ஸ்பிரிட் ஊற்றுவதுதான் பள்ளிக்கூட ஆய்வுகூடங்களில் நடக்கும் மோசமான விபத்து. மூடியைப் போட்டு, ஆறவிட்டு, பிறகு ஊற்றுங்கள்.

அறிகுறி: ஒரு சுவாலை இரண்டாக, பேய்போலத் தெரிகிறது

போனில் எச்டிஆர் அல்லது நைட் மோட் வேலை செய்கிறது. அது பல படங்களை எடுத்து ஒட்டும், சுவாலையோ ஒரு படத்துக்கும் அடுத்ததுக்கும் இடையில் நகர்ந்துவிடும். இரண்டையும் அணையுங்கள், காட்சியைத் தானாக அடையாளம் காணும் வசதியையும் சேர்த்து. வேறொன்றும் தேவையில்லை.

அறிகுறி: படத்துக்குக் குறுக்கே கறுப்புப் பட்டிகள்

நமது மின்சாரம் 50 ஹேர்ட்ஸ். அதில் எரியும் குழல் விளக்கும் மலிவான எல்ஈடியும் செக்கனுக்கு 100 தடவை மங்கித் தெளியும். கமராவின் உணரி படத்தை வரிவரியாக வாசிப்பதால், மங்கிய வரிகள் பட்டியாக விழுகின்றன. விளக்கை அணைப்பதே நேரான வழி. சுடரடுப்பும் தெரியவேண்டுமென்றால் ஷட்டரை 1/50 அல்லது 1/100 இல் வையுங்கள். செக்கனுக்கு 240 பிரேம் வீடியோ எடுக்கும்போது அதுவும் உதவாது. பற்றரியில் எரியும் டோர்ச்சை முழு வெளிச்சத்தில் பயன்படுத்துங்கள். குறைந்த வெளிச்சத்தில் பல டோர்ச்சுகள் தாமே விட்டுவிட்டு எரிபவை.

அறிகுறி: சுவாலை ஒரே பக்கம் சாய்கிறது, காரணமில்லாமல் துள்ளுகிறது

மே முதல் செப்டெம்பர் வரை தென்மேல் பருவக்காற்று மேற்குச் சரிவில் அடிக்கும் நாட்களில், ஹட்டன், மஸ்கெலியாப் பக்கக் கட்டடங்களில் தகரக் கூரைக்கும் சுவருக்கும் இடையிலுள்ள இடைவெளியே போதும். யன்னலை அடைத்தாலும் காற்று மேலிருந்து இறங்கும். எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடிக்க ஓர் ஊதுபத்தி போதும்: சுடரடுப்பை அணைத்துவிட்டு, அது நின்ற இடத்தில் ஊதுபத்தியைப் பிடித்துப் புகை எந்தப் பக்கம் வளைகிறது என்று பாருங்கள். புகை 20 சதமமீற்றராவது நேராக ஏறவேண்டும்.

எல்லாக் கதவையும் யன்னலையும் இறுக அடைத்துக்கொண்டு காஸ் எரிக்கவேண்டாம். காபன் மொனொட்சைட்டு மணமில்லாதது. அறையை அடைப்பதை விட்டுவிட்டு, சுவாலையைச் சுற்றி மறைப்பு வையுங்கள்: மூன்று பக்கமும் 60 சதமமீற்றர் உயரத் தகடு, கமராப் பக்கம் திறப்பு அல்லது கடினப்படுத்திய கண்ணாடி, மேலே திறப்பு, அடியில் சுற்றிலும் 2 முதல் 3 சதமமீற்றர் இடைவெளி. அந்த அடி இடைவெளியை மறந்தால் சுவாலை தனக்கு வேண்டிய காற்றை மேலிருந்து இழுக்கும். அந்தக் காற்று பெட்டிக்குள் சுழலும், முன்பைவிட மோசமாக ஆடும்.

எல்பி காஸ் காற்றைவிடப் பாரமானது, கசிந்தால் தரையில் தேங்கும். இறப்பர் குழாய் இணைப்புகளில் சவர்க்கார நுரை பூசிக் கசிவு பார்த்த பிறகே அறையை இருட்டாக்குங்கள். மணல் வாளி எங்கே இருக்கிறது என்பது இருட்டிலும் கைக்குத் தெரியவேண்டும்.

அறிகுறி: பத்து நிமிடத்தில் சுவாலை தானாகக் குட்டையாகிறது

கையடக்க அடுப்புக்கு வரும் பியூட்டேன் குப்பியைப் பயன்படுத்துகிறீர்கள் என்று அர்த்தம். பியூட்டேனின் கொதிநிலை மறை அரைப் பாகை, புரொப்பேனுக்கு மறை 42. திரவம் ஆவியாகும்போது குப்பி குளிரும், குளிர்ந்தால் உள்ளமுக்கம் விழும், காஸ் குறையும். தை மாதக் காலையில் அறையே 10 பாகை என்றால் தொடங்கும்போதே பாதி பலம்தான். குப்பியை வெதுவெதுப்பான தண்ணீர் உள்ள தட்டில் நிறுத்துங்கள். கை பொறுக்கும் சூடு, 40 பாகைக்கு மேல் வேண்டாம், ஒருபோதும் சுவாலைக்குப் பக்கத்தில் வைத்துச் சூடாக்க வேண்டாம். ரெகுலேட்டர் பூட்டிய வீட்டுச் சிலிண்டர் இதைவிட எவ்வளவோ மேல். எதுவானாலும் பற்றவைத்து ஐந்து நிமிடம் கழித்தே முதல் அளவீட்டுப் படம்.

அறிகுறி: நீலக் கூம்பின் கோணம் ஒவ்வொரு படத்திலும் வேறு

இதில்தான் அதிக நேரம் செலவிடவேண்டும், ஏனென்றால் பலருடைய பரிசோதனையே இதுதான். உட்கூம்பின் அரைக்கோணத்தின் (நுனிக் கோணத்தின் பாதி) சைனை, குழாயில் வரும் காஸ்–காற்றுக் கலவையின் வேகத்தால் பெருக்கினால் எரிதல் வேகம், அதாவது எரியாத கலவைக்குள் சுவாலை முன்னேறும் வேகம், கிடைக்கும். கலவை 10 மில்லிமீற்றர் குழாயில் செக்கனுக்கு 1.6 மீற்றர் வேகத்தில் வருகிறது, அதாவது நிமிடத்துக்கு ஏறத்தாழ 7.5 லீற்றர். புரொப்பேன்–காற்றின் எரிதல் வேகம் சரியான கலவையில் செக்கனுக்கு 0.4 மீற்றர் அளவு. அப்படியென்றால் அரைக்கோணம் 14.5 பாகை, கூம்பின் உயரம் 19 மில்லிமீற்றர். கட்டைவிரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரிய இந்த நீலக் கூம்பில் கோணம் ஒரு பாகை பிழைத்தால் விடை 6, 7 சதவீதம் பிழைக்கும்.

அந்த ஒரு பாகை பெரும்பாலும் கமரா நிற்கும் உயரத்திலிருந்து வருகிறது. மேசைக்கு மேலிருந்து 20 பாகை சாய்த்துப் பார்த்தால் கூம்பு குட்டையாகித் தெரியும், 14.5 பாகை படத்தில் 15.5 ஆகும், 0.40 என்பது 0.43 ஆகும். கமரா வில்லையின் நடுவும் கூம்பின் நடுவும் ஒரே மட்டத்தில் இருக்கவேண்டும். சரிபார்க்கச் சுலபமான வழி: குழாயின் வாய் விளிம்பைப் பாருங்கள். அது நேர்கோடாகத் தெரிந்தால் சரி, நீள்வட்டமாகத் தெரிந்தால் கமரா ஏறியோ இறங்கியோ நிற்கிறது.

அடுத்தது தூரம். போனை 10 சதமமீற்றரில் பிடித்து அகலக்கோண வில்லையால் எடுத்தால் ஓரங்கள் வளையும். அரை மீற்றர் பின்வாங்கி, இரண்டு மடங்கு வில்லை இருந்தால் அதைப் பயன்படுத்தி, கூம்பைப் படத்தின் நடுவில் வையுங்கள். குவியத்துக்குத் தானியங்கியை நம்பவேண்டாம், ஆடும் ஒளியில் அது தடுமாறும். சுடரடுப்பை அணைத்து, குழாய் வாயின் நடுவில் ஒரு குண்டூசியையோ மில்லிமீற்றர் கோடுள்ள அடிமட்டத்தையோ நிறுத்தி, அதில் குவியத்தைப் பூட்டி, வளையத்தை டேப்பால் ஒட்டிவிடுங்கள். அந்த அடிமட்டத்தையும் ஒரு படம் எடுத்துவையுங்கள், பிக்சலை மில்லிமீற்றராக்க அதுதான் ஆதாரம். பின்சுவரில் ஒட்டிய அடிமட்டம் இதற்கு உதவாது. அது தூரத்தில் இருப்பதால் சிறிதாகத் தெரியும், அளவு முழுதும் பிழைக்கும்.

படத்தில் எந்த இடத்தை அளப்பது? கூம்பின் நுனி எப்போதும் உருண்டிருக்கும், அடி விளிம்பு குழாயின் குளிரால் வளைந்திருக்கும். குழாயின் நடுவில் வேகம் அதிகம், ஓரத்தில் குறைவு என்பதால் பக்கங்களும் முழு நேராக இரா. நடு மூன்றிலொரு பங்கில் மட்டும் கோடு போட்டு, இடப் பக்கக் கோணத்தையும் வலப் பக்கக் கோணத்தையும் தனித்தனியாக எடுங்கள். இரண்டும் ஒரு பாகைக்கு மேல் வேறுபட்டால் அது அளவீட்டுப் பிழையல்ல. சுடரடுப்பு சாய்ந்திருக்கிறது அல்லது காற்று அடிக்கிறது. இமேஜ்ஜே என்ற இலவச மென்பொருளில் கோணக் கருவி இருக்கிறது, அது போதும். ஒளிரும் கோட்டின் உள்விளிம்பை ஒரு படத்திலும் வெளிவிளிம்பை இன்னொரு படத்திலும் எடுக்காதீர்கள். எதை எடுத்தாலும் கடைசிவரை அதையே எடுங்கள்.

படமெல்லாம் சரியாக இருந்தும் விடை ஒரே பக்கமாக விலகினால், காற்றோட்டமானியைப் பாருங்கள். மிதவையுள்ள கண்ணாடிக் குழாய் மானியின் அளவுகோல் பெரும்பாலும் கடல்மட்டக் காற்றுக்குக் குறிக்கப்பட்டது. நுவரெலியாவின் மெல்லிய காற்றில் அது காட்டுவதைவிட உண்மை ஓட்டம் 11 சதவீதம் அளவு கூட. அதைத் திருத்தாமல் கமராவைக் குறைசொல்லிப் பயனில்லை.

அறிகுறி: துடிப்பு வேகம் சூத்திரத்தோடு ஒத்துவரவில்லை

காற்றுத் துளை மூடிய சுவாலை மேலே வீங்கி வீங்கித் துண்டாகும். இந்தத் துடிப்பு செக்கனுக்கு எத்தனை என்பதற்கு எளிய கணிப்பு உண்டு: மீற்றரில் எடுத்த விட்டத்தின் வர்க்கமூலத்தால் 1.5 ஐப் பிரிக்க வேண்டும். 10 மில்லிமீற்றர் குழாய்க்கு 15 அளவு, 10 சதமமீற்றர் தட்டில் எரியும் ஸ்பிரிட்டுக்கு 5 க்குச் சற்றுக் குறைவு.

வீடியோவில் எண்ணிப்பார்த்தால் தட்டுக்குச் சரியாக வரும், குழாய்க்கு 10 என்று வரும். சூத்திரம் பிழை என்று எழுதிவிடாதீர்கள். செக்கனுக்கு 25 பிரேம் எடுக்கும் கமரா அதன் பாதிக்கு, அதாவது 12.5 க்கு மேற்பட்ட துடிப்பைப் பார்க்க முடியாது. 15 ஐ அது 25 இலிருந்து கழித்து 10 ஆகக் காட்டும். 30 பிரேமில் 15 சரியாக விளிம்பில் நிற்கும், சுவாலை இரண்டே நிலைகளுக்கு இடையில் மாறிமாறித் தாவுவதுபோலத் தெரியும். 120 அல்லது 240 பிரேமில் எடுங்கள்; குழாய் வாயிலிருந்து ஒரு குறித்த உயரத்தை வீக்கம் தாண்டும் ஒவ்வொரு தடவையும் ஒன்று என்று 10 செக்கனுக்கு எண்ணுங்கள்.

அப்போதும் எண் குறைவாக அல்லது கூடவாக வந்தால், போன் இருட்டில் சத்தமில்லாமல் பிரேம் எண்ணிக்கையைக் குறைத்திருக்கும். சட்டகத்தின் ஓரத்தில் ஒரு ஸ்டொப்வொச்சை வைத்து எடுத்தால் கையும் களவுமாகப் பிடிபடும்.

நிழற்படத்தில் துடிப்பை உறையவைக்க 1/250 செக்கன் அல்லது அதைவிடக் குறுகிய ஷட்டர் வேண்டும். சராசரி வடிவம் வேண்டுமென்றால் அரைச் செக்கன். 1/15 தான் மோசம், அது சரியாக ஒரு துடிப்பை முழுதும் கலக்கி இரண்டுமில்லாத ஒன்றைத் தரும்.

அறிகுறி: எல்லாமே பால்போல மங்கல்

வில்லையில் பனி பிடித்திருக்கிறது. குளிரில் கிடந்த கமராவைச் சூடான, ஈரமான அறைக்குக் கொண்டுவந்தால் உடனே படியும். பையை மூடியபடி அறையில் அரை மணி நேரம் விடுங்கள். துடைத்தால் மறுபடி படியும், கீறலும் மிச்சம்.

முன்னால் கண்ணாடித் தடுப்பு இருந்தால் குற்றவாளி சுவாலையே. ஒரு கிராம் புரொப்பேன் எரிந்தால் 1.6 கிராம் தண்ணீர் உண்டாகிறது, அது குளிர்ந்த கண்ணாடியில் படியும். கண்ணாடி சூடேறும்வரை இரண்டு நிமிடம் பொறுத்தால் தானாகத் தெளியும். வில்லைக்குள்ளேயே சிலந்திவலைபோல மெல்லிய கோடுகள் தெரிந்தால் அது பூஞ்சணம், மலைநாட்டு ஈரத்தில் கமராவை அலுமாரியில் வைத்த பலன். இறுக மூடும் பெட்டியும் சிலிக்கா ஜெல்லும் இனியாவது வாங்கவேண்டும்.

அறிகுறி: நீலச் சுவாலையில் செம்மஞ்சள் பொட்டுகள்

சோடியம். தூசியில், வியர்வையில், விறகுச் சாம்பலில், உப்பில், எங்கும் உண்டு. மிகச் சிறிய அளவே 589 நனோமீற்றரில் பளிச்சென்று எரியும். படமெடுப்பதற்குச் சற்றுமுன் தரையைக் கூட்டாதீர்கள், குழாயின் வாயை ஈரத்துணியால் துடைத்து உலரவிடுங்கள். பொட்டுகளாக இல்லாமல் கூம்பின் நுனி நிலையாக மஞ்சளாக இருந்தால் அது தூசியல்ல, காற்றுப் போதவில்லை. பல மாதம் அலுமாரியில் கிடந்த சுடரடுப்பின் குழாய்க்குள் சிலந்தி வலை பின்னியிருக்கும். திடீரென்று “பொப்” என்ற சத்தத்தோடு சுவாலை குழாய்க்குள் இறங்கிவிட்டால் உடனே காஸை மூடுங்கள். குழாய் ஆறும்வரை தொடவேண்டாம்.

அறிகுறி: ஷ்லீரன் படத்தில் ஆடியின் பாதி இருட்டு

சூடான வாயுவில் ஒளி வளைவதைக் காட்டும் இந்த முறைக்கு, தொலைநோக்கிக்கு விற்கும் குழிவாடி ஒன்று வேண்டும்: விட்டம் 15 சதமமீற்றர், குவியத்தூரம் ஒரு மீற்றர். ஆடியிலிருந்து இரண்டு மீற்றரில், அலுமினியத் தாளில் குண்டூசியால் குத்திய துளைக்குப் பின்னால் எல்ஈடி. அதற்கு ஒட்டினாற்போல் பக்கத்தில், ஒளி திரும்பிக் குவியும் இடத்தில் சவர பிளேட். அதன் பின்னால் கமரா.

பிளேட்டை மெதுவாக ஒளிக்குள் தள்ளும்போது ஆடி முழுதும் ஒரே சீராக மங்கவேண்டும். ஒரு பக்கமிருந்து நிழல் நுழைந்தால் பிளேட் குவியத்தில் இல்லை. நிழல் பிளேட் போகும் திசையிலேயே போனால் பிளேட் ஆடிக்குக் கிட்டவாக நிற்கிறது, பின்னால் நகர்த்துங்கள். எதிர்த்திசையில் வந்தால் முன்னால் நகர்த்துங்கள். ஒவ்வொரு தடவையும் ஓரிரு மில்லிமீற்றர்தான். சுவாலையின் உருவம் இரட்டையாகத் தெரிந்தால் துளையும் பிளேட்டும் ஒன்றுக்கொன்று தள்ளி நிற்கின்றன. 5 சதமமீற்றருக்குள் கொண்டுவாருங்கள், சுவாலையை ஆடிக்கு 15 சதமமீற்றர் வரை நெருக்குங்கள். அதைவிட நெருங்கினால் ஆடி சூடேறி வெடிக்கலாம், ஒரு நிமிடத்துக்கு மேல் எரியவிடவும் வேண்டாம்.

முரண் (வெளிச்சத்துக்கும் இருளுக்கும் உள்ள வேறுபாடு) குறைவாக இருக்கிறதென்று எல்ஈடியை மாற்ற ஓடவேண்டாம். உயரமான இடத்தில் காற்றின் அடர்த்தி குறைந்தால் ஒளியின் வளைவும் அதே விகிதத்தில் குறையும். பேராதனையில் 5 சதவீதம் அளவில் போவது, நுவரெலியாவில் ஐந்திலொரு பங்கு. பிளேட்டை இன்னும் கொஞ்சம் உள்ளே தள்ளி, இருண்ட அளவுக்கு ஐஎஸ்ஓவை ஏற்றினால் இழந்தது திரும்ப வரும்.